யாரையும் அழிக்காத ஈவ்லின்

மந்தைவெளியில் ஈவ்லினைத் தேடி வருகிறவர்கள் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுப்பதற்கு முன்னால் ஒரு முறை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். இறந்துபோன மாமனாருக்கு இருக்கிற ஒரே படம் கல்யாணப் பந்தியில் வாயில் அப்பளத்தோடு எடுத்ததாக இருக்கும். ஈவ்லின் அப்பளத்தை எடுத்துவிட்டு, வாயை மூடி, கோட்டும் டையும் போட்டு, முப்பதாம் நாள் பூசைக்குள் மனிதரை ஒரு கனவானாக ஆக்கிக் கொடுத்துவிடுவாள். நைட்டியோடு மட்டுமே படத்தில் சிக்கிய அத்தைகளுக்குப் பட்டுப் புடவை கட்டிவிடுவாள். குரூப் போட்டோவில் சரியாக அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடிய மாப்பிள்ளைக்குக் கண் திறந்து வைப்பாள். ஒரு தடவை அவசரத்தில் வேறொருவர் கண்ணை வைத்துவிட்டாள். பெண் வீட்டார் மாப்பிள்ளை முன்னைவிட லட்சணமாக இருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள்.

பள்ளிப் படிப்பு முடித்துத் தி. நகரில் டிடிபி கற்றுக்கொண்டவள். தேனாம்பேட்டையில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள். மகன் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, ஹாலில் சோபாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தாள். மகன் வளர்ந்து பெங்களூருக்கே போய்விட்டான். கம்ப்யூட்டர் அங்கேயேதான் இருக்கிறது.

அவளிடம் வருகிற வேலைகளில் பாதி, வாசலைத் திரும்பிப் பார்க்க வைக்கிற ரகம். குடும்பப் படத்திலிருந்து ஒருவரை எடுத்துவிட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத கொழுந்தன், ஓடிப்போன நாத்தனார், நிச்சயம் வரை வந்து நின்றுபோன மாப்பிள்ளை. ஈவ்லின் காரணம் கேட்க மாட்டாள். கேட்காமலே சொல்வார்கள், அது வேறு. ஆனால் இந்த வேலையில் அவளுக்கு ஒரு கொள்கை உண்டு.

"நான் யாரையும் அழிக்கறது இல்லைங்க. கொஞ்சம் ஓரமா நிக்க வைக்கிறேன், அவ்வளவுதான்."

அது பேச்சுக்குச் சொன்னதில்லை. அவள் வைத்திருக்கும் படம் திருத்துகிற மென்பொருளில், ஒவ்வொருவரையும் வெட்டித் தனித்தனிக் கண்ணாடித்தாளில் ஒட்டினாற்போல அடுக்கி வைக்கலாம். ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு கண் படம் இருக்கும். கண்ணை அமுக்கினால் ஆள் மறைந்துவிடுவார். இன்னொரு முறை அமுக்கினால் அதே சிரிப்போடு திரும்பி வந்துவிடுவார். மயிலாப்பூர், சாந்தோம், அடையாறு என்று அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் வேண்டாதவர்கள் எல்லோரும் ஈவ்லினின் கம்ப்யூட்டருக்குள் கண் மூடிக் காத்திருந்தார்கள்.

எரிக்கும் அப்படிக் காத்திருந்தவர்தான்.

எரிக், டோரதி மிஸ்ஸின் ஒரே தம்பி. டோரதி மிஸ் அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஈவ்லினின் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததால், ஈவ்லினுக்கும் அவள் கணவர் பவுல்சாமிக்கும் ஆயுளுக்கும் மிஸ். மூன்று வருடம் முன்பு மிஸ்ஸின் மகள் கல்யாணத்தில், கேக் வெட்டிய பிறகு மணமக்களை வாழ்த்திப் பேசும் பொறுப்பைத் தாய்மாமன் எரிக்கிடம் கொடுத்தார்கள். எரிக் மைக்கைப் பிடித்து, மணப்பெண் ஏழாம் வகுப்பு வரை விரல் சூப்பியதையும், அதை நிறுத்தக் கணக்கு டீச்சரான அவள் அம்மா வேப்பெண்ணெய் தடவப் போய், அவள் வேப்பெண்ணெய்க்கும் பழகிவிட்டதையும் விவரமாகச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டோரதி மிஸ் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே அப்பா அம்மாவின் பொன்விழாக் குடும்பப் படத்தோடு ஈவ்லின் வீட்டுக்கு வந்தார். எரிக் இல்லாத படம் ஒன்று அச்சாகி, மிஸ் வீட்டு ஹாலில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டப்பட்டது. பழைய அச்சை மிஸ் கிழித்துப் போட்டுவிட்டார்.

ஈஸ்டர் கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து ஈவ்லின் வீட்டில் இட்லி வெந்துகொண்டிருந்தபோது டோரதி மிஸ் போனில் அழைத்தார்.

"ஈவ்லின், எரிக் போன் பண்ணான். பரங்கிமலையிலேர்ந்து மத்தியானம் சாப்பிட வரானாம். 'அக்கா, இதுக்கு மேல என்னால முடியல, மீன் கொழம்பு வை'ங்கறான்."

"ரொம்ப சந்தோஷம் மிஸ்!"

"சந்தோஷம் இருக்கட்டும். செவுத்துல அவன் இல்லையே!"

ஈவ்லின் அடுப்பைச் சிறிதாக்கினாள்.

"கழட்டி உள்ள வெச்சிடுங்களேன் மிஸ்."

"அது கீழ நின்னுதான் அவன் எப்பவும் அப்பா அம்மாவுக்கு ஜெபம் பண்ணுவான். வந்ததும் நேரா அங்கதான் போவான். படம் இல்லேன்னா எங்கன்னு கேப்பான். இருந்தா, நான் எங்கன்னு கேப்பான். ரெண்டுக்கும் என்கிட்ட பதில் இல்ல. மூணு வருஷம் கழிச்சு அவனா வரான், ஈவ்லின். இதோட போனா அப்புறம் வர மாட்டான்."

கடைசி வார்த்தைகளில் மிஸ்ஸின் குரல் வகுப்பறைக் குரலாக இல்லை.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. அவர் என்கிட்ட பத்திரமா இருக்காரு. கண்ணைத் தொறந்துட்டா வந்துடுவாரு. நீங்க ஃப்ரேமை மட்டும் எடுத்துட்டு வாங்க."

இவ்வளவு தைரியமாகச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். மென்பொருளின் பட்டனை அமுக்கினாள். வழக்கமான முகப்புப் படம் வந்தது. அதற்கு மேல் எப்போதும் வராத ஒரு பெட்டி வந்து நின்றது. அமைப்புகள் அடங்கிய கோப்பை அழித்துவிடலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஆமாம், வேண்டாம் என்று இரண்டு பட்டன்.

ஈவ்லினுக்கு அந்தப் பெட்டியில் டெலீட் என்கிற ஒரு வார்த்தைதான் கண்ணில் பட்டது. பதறிப்போய் வேண்டாம் என்றாள். மென்பொருள் கோபித்துக்கொண்டு மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். மறுபடி அழிக்கலாமா என்றது. வேண்டாம் என்றாள். மூடிக்கொண்டது. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் அதே கேள்விதான் முதலில் வந்தது.

பவுல்சாமி இட்லித் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். வங்கியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரம் நின்றாலும் அவருக்கு அதில் ஒரே நோய்தான் தெரியும்.

"சூடு. ஏப்ரல் மாசம் மனுசனாலயே முடியல, அதால முடியுமா?"

டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து கம்ப்யூட்டர் பெட்டிக்கு எதிரே வைத்தார். அது சுழன்று சுழன்று கம்ப்யூட்டருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் மாறி மாறிக் காற்று கொடுத்தது.

"ஃப்ரிட்ஜுக்கு எதுக்குங்க காத்து?"

"அதுவும் பாவம்தானே."

அதற்குள் டோரதி மிஸ் படுக்கை விரிப்பில் சுற்றிய சட்டத்தோடு மாடியேறி வந்துவிட்டார். கையில் மஞ்சள்தூள் கறை. நிலவரம் கேட்டதும் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் குனிந்தார்.

"முழு வாக்கியத்தையும் படிச்சியா நீ? செட்டிங்ஸ் ஃபைலைத்தான் அழிக்கட்டுமான்னு கேக்குது. எஸ் போடு."

"மாட்டேன் மிஸ்."

"ஏன்?"

"செட்டிங்ஸ் போனாப் போவட்டும். அது கூட யார் யார் கையைப் புடிச்சிட்டுப் போவாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்க தம்பி மட்டுமா உள்ள இருக்காரு? இந்த ஏரியாவுல பாதிப் பேர் இருக்காங்க. விசாலாக்ஷி மாமி மருமக இருக்கா. போன மாசம் அவங்க ராசியாயிட்டாங்க, அவளைத் திருப்பிப் போட்டுக் குடுக்கணும்."

"என் தம்பி இன்னும் கொஞ்ச நேரத்துல கிண்டி தாண்டிடுவான்!"

"அவர் மறைஞ்சிருந்தாத் திருப்பிக் கொண்டு வரலாம் மிஸ். அழிஞ்சிட்டா?"

டோரதி மிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். வேப்பெண்ணெய்க் கதையைக் கேட்ட அன்றுகூட அவர் முகம் இப்படி இருந்ததில்லை என்று பவுல்சாமி பிறகு சொன்னார். அப்போதைக்கு ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

ஈவ்லின் யாசிருக்குப் போன் போட்டாள். யாசிர் கோடம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். நாற்பதைத் தாண்டிய ஆள். ஈவ்லினின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாதி உறுப்புகள் அவர் போட்டவை. அன்று சித்தப்பா மகனின் கல்யாண வலீமா விருந்தில், பந்தியில் இருந்தார். ஈவ்லின் ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் தட்டுச் சத்தமும் யாரோ தால்சா கேட்பதும் காதில் விழுந்தன.

"சொல்லுக்கா, இன்னாச்சு?"

சொன்னாள்.

"ஒண்ணியும் யோசிக்காத. ஃபார்மட் அட்சிர்லாம்."

"ஃபார்மட்டுன்னா?" என்றார் டோரதி மிஸ்.

"எல்லாத்தையும் தொடச்சிட்டுப் புச்சா போட்றது மேடம்."

"வேண்டாம்!" என்று இரண்டு பெண்களும் சேர்ந்து கத்தியதில் பவுல்சாமி இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற? சரி, கோவிச்சுக்காத. கீழ தேட்ற எடம் கீது பாரு, அதுல நான் சொல்றத டைப் பண்ணு."

ஈவ்லின் முதல் எழுத்தைத் தட்டினாள். திரையில் இருந்த எல்லா ஜன்னல்களும் காணாமல் போயின. இரண்டாவது எழுத்துக்கு என்னவோ ஒரு பட்டியல் மேலிருந்து இறங்கியது. மூன்றாவதற்குத் திரை பூட்டிக்கொள்ளவா என்று கேட்டது.

"யாசிர், நான் ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு பண்ணுதுப்பா."

தட்டுச் சத்தம் நின்றது. யாசிர் பந்தியிலிருந்து எழுந்துவிட்டார் போலிருந்தது.

"அக்கா, கீபோர்டுல இடது பக்கம் கீழ மூலைல மூணு கீ கீதுல்ல, கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட். அது எதுனா அமுங்கிக்கினு கீதா பாரு. அத்த அமுக்கிக்கினே தொறந்தாதான் அந்த சாஃப்ட்வேர் அப்டி கேக்கும்."

கீபோர்டின் மேல் ஈவ்லின் எப்போதும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பாள். உறைக்கு மேலேயேதான் தட்டுவாள். பவுல்சாமி அந்த உறையை ஓரமாகத் தூக்கினார். இடது மூலை பூராவும் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு, யாரும் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

"உப்பு."

"உப்பா? கீபோர்டுல உப்பு எப்டிக்கா வந்துச்சு?" என்றார் யாசிர். "கருவாடு எதுனா காய வெச்சியா?"

ஈவ்லின் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். பவுல்சாமிக்கு முதலில் புரிந்தது.

"ஏம்மா... வெள்ளிக்கிழமை ஃபாதர் வந்தாரே..."

ஈஸ்டருக்குப் பிறகு பங்கு சாமியார் வீடு வீடாக வந்து மந்திரித்துவிட்டுப் போவது வழக்கம். வெள்ளிக்கிழமை ஈவ்லின் வீட்டுக்கும் வந்தார். ஹால், சமையலறை, படுக்கையறை எல்லாவற்றுக்கும் தீர்த்தம் தெளித்தார். புறப்படும்போது ஈவ்லின், "ஃபாதர், இதுதான் எனக்குச் சோறு போடுது, இதுக்கும் கொஞ்சம்" என்று கம்ப்யூட்டரைக் காட்டினாள். அவர் ஜாக்கிரதையானவர். தள்ளி நின்று இரண்டே சொட்டுத் தெளித்தார். ஈவ்லினுக்கு அது போதவில்லை. அவர் படியிறங்கிய பிறகு, வீட்டுக்கென்று புட்டியில் வாங்கி வைத்திருந்த மந்திரித்த தீர்த்தத்தை எடுத்து, சிலுவை போட்டு, கீபோர்டின் உறையை விலக்கித் தாராளமாகத் தெளித்தாள். தீர்த்தத்தில் மந்திரித்த உப்பும் சேர்ந்திருக்கும்.

"சரி, தெளிச்சே. உடனே தொடைச்சிருக்கலாமே?" என்றார் டோரதி மிஸ்.

"தீர்த்தத்தைப் போயி எப்படி மிஸ் தரை தொடைக்கிற துணியால தொடைக்கிறது?"

ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவரான மிஸ் கொஞ்சம் யோசித்தார்.

"அது முடியாதுதான்," என்றார்.

"தானா காயட்டும்னு உறையைப் போட்டு மூடிட்டேன்."

போனில் யாசிர் இருமினார். சிரிப்பை அடக்கிய இருமல்.

"எங்கம்மா கூட வைஃபை பொட்டிக்கு ஓதி ஊதுவாங்கக்கா. ஆனா ஊதுறதோட சரி. காத்துன்னா பரவால்ல, தண்ணி ஆவாது. உப்பு காஞ்சி அந்த மூணு கீயும் மாட்டிக்கினு கீது. இப்ப ஒண்ணு பண்ணு. கீபோர்டு ஒயரப் புடிங்கிட்டு, வெறும் மவுஸ் வெச்சித் தொற. நான் போய் குந்தறேன், பிரியாணி ஆறிக்கினு கீது."

"யாசிர், ஒரு நிமிஷம். நான் அந்த எஸ் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணியும் ஆவாது. அந்தக் கத்திரி, பிரஷ்ஷு எல்லாம் எடம் மாறி நிக்கும், அவ்ளோதான். ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

டோரதி மிஸ் ஈவ்லினைப் பார்த்தார். ஈவ்லின் மேசைக்கு அடியில் ஒயரைத் தேடினாள்.

பிடுங்குவதற்கு முன் மூவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மந்திரித்த கீபோர்டைத் தரையில் வைக்க மனமில்லாமல் பவுல்சாமி அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். ஈவ்லின் மவுஸால் அமுக்கினாள். முகப்புப் படம் வந்தது. பெட்டி வரவில்லை. மென்பொருள் நல்ல பிள்ளையாகத் திறந்துகொண்டது.

பொன்விழாப் படத்தைத் திறந்தாள். நடுவில் நாற்காலிகளில் அப்பாவும் அம்மாவும். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் வரிசையில், வலது கோடியில் ஆளுக்குப் பதில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. எரிக்கை எடுத்தபோது இடம் பொக்கையாகத் தெரிந்ததால், இணையத்தில் எங்கோ பிடித்த அந்தத் தொட்டியை நாற்காலி உயரத்துக்கு வைத்து ஈவ்லின்தான் அடைத்திருந்தாள். இப்போது முகம் சரியாக வருகிறதா என்று பார்க்க மேல்பாதியைப் பெரிதாக்கிக்கொண்டு, எரிக்கின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கண்ணை அமுக்கினாள்.

எரிக் வந்தார். வாரிவிட்ட தலை, ஒரு பக்கமாகச் சாய்ந்த சிரிப்பு.

டோரதி மிஸ் திரைக்கு மிக அருகில் குனிந்தார். "இவனுக்கு அப்ப எவ்வளவு முடி," என்றார்.

அதற்குள் அவர் போன் அடித்தது. எரிக்தான். கிண்டி தாண்டிவிட்டாராம், இனிப்பு ஏதாவது வாங்க வேண்டுமா என்று கேட்டார். மிஸ் போனை வைத்த கையோடு, "போதும் ஈவ்லின், அனுப்பு, அனுப்பு!" என்று தோளைத் தட்டினார். தட்டின தட்டில் ஈவ்லின் சேமித்து, பென் டிரைவில் போட்டு, பவுல்சாமி கையில் கொடுத்தாள். அவர் கீபோர்டைச் சோபாவில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். லஸ்ஸில் மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தெருக்களையெல்லாம் சுற்றி, பாதி ஷட்டர் இறக்கியிருந்த போட்டோ லேபில் குனிந்து நுழைந்து அச்சுப் போட்டு, சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே மிஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸும் ஈவ்லினும் அதற்குள் அங்கே வந்திருந்தார்கள். மிஸ் மீன் குழம்பைத் தாளித்துக்கொண்டிருக்க, ஈவ்லினும் அவரும் சட்டத்தைக் கழற்றிப் படத்தைச் செருகி மாட்டினார்கள். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் ஈவ்லினுக்கு உறைத்தது.

எரிக்கின் கண்ணைத் திறந்தவள் தொட்டியின் கண்ணை மூடவில்லை.

பின்வரிசையின் வலது கோடியில் எரிக், கோட்டும் டையுமாக, மார்போடு ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை அணைத்துக்கொண்டு சிரித்தார். ஓர் இலை அவர் மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் பவுல்சாமி மெதுவாக.

வாசலில் ஆட்டோ நின்றது.

எரிக் கையில் இனிப்புப் பெட்டியோடு வந்தார். தலையில் இப்போது முடி அதிகமில்லை. டோரதி மிஸ் சமையலறையிலிருந்து கரண்டியோடே வந்து நின்றார். வா என்று சொல்ல வாய் எடுத்தவர், "இளைச்சிட்டே," என்றார். எரிக் தலையாட்டிவிட்டு, எதிர்பார்த்தபடியே நேராகத் திரு இருதயப் படத்தின் கீழே போய் நின்று சிலுவை போட்டார். அப்படியே கண் கீழே இறங்கியது.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"அக்கா, நான் எதுக்கு இதுல பூந்தொட்டியை வெச்சிட்டு நிக்கறேன்?"

டோரதி மிஸ் அப்போதுதான் படத்தைப் பார்த்தார். கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பு தரையில் விழுந்தது. எரிக் படத்தைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஈவ்லினைப் பார்த்தார். போட்டோ ஈவ்லின் யாரென்று பரங்கிமலை வரை தெரியும். அவர் மோவாயைத் தடவிக்கொண்டார், அந்த இலை தொட்ட இடத்தில்.

"ஆங், ஞாபகம் வந்துடுச்சு," என்றார். "அன்னிக்கு ஹால்ல இதை வைக்க எடமே இல்ல. நீதான் கொஞ்ச நேரம் புடிச்சிக்கடான்னு என் கையில குடுத்தே."

டோரதி மிஸ் கரண்டியை மேசையில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் குடுக்கல," என்றார். "நீயாதான் தூக்குனே. எல்லாத்துலயும் முந்திரிக்கொட்டை."

"நானா? என்னா கனம் தெரியுமா அது? கை ரெண்டும் கழண்டுபோச்சு."

"என்ன பெரிய கனம்! சின்னத் தொட்டி. அடையாறு நர்சரில நான்தானே வாங்கினேன், எனக்குத் தெரியாதா?"

"நீ எங்க வாங்குனே? அம்மா வெச்சது அது."

"அம்மா வெச்சது அரளிடா. கையைக் கழுவு, கொழம்பு ஆறுது."

சாப்பிட உட்கார்ந்த பிறகும் அது ஓயவில்லை. செடி யார் வாங்கியது, இலை சிவப்பா மஞ்சளா, விழா முடிந்து தொட்டியை யார் வீட்டுக்கு எடுத்துப் போனது என்று அக்காவும் தம்பியும் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள். பேச்சின் நடுவிலேயே டோரதி மிஸ் தம்பியின் தட்டில் மீன் தலையை வைத்தார். அவர் அதைப் பார்க்காமலே சாப்பிட ஆரம்பித்தார்.

பொன்விழா அன்று படத்துக்கு நாற்காலி வரிசை போட்டவர் பவுல்சாமி. எதிலும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் அவருக்கு.

"மிஸ், அன்னிக்கு அங்க தொட்டின்னு ஒண்ணுமே..."

ஈவ்லின் அவர் தட்டில் பெரிய வஞ்சிரத் துண்டு ஒன்றை வைத்தாள்.

"முள்ளு பாத்து சாப்பிடுங்க. பேசாம."